போல்ட் போட்ட லேப்டாப்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து மேகாற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட போர்வை பறந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. ஒரு கையால் இழுத்தேன். பாதி கிழிந்தது.

வலது கையில் நடுவிரல், மோதிர விரல், இரண்டு நகமும் கறுப்பு. மோதிர விரலில் எலும்பு விரிசல், அட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. பேனாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இடுக்கி எழுதுகிறேன். கோழி கிளறின எழுத்து. யார் படிக்கப்போகிறார்கள்.

ஞாயிறு சாயங்காலம் நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் விரல் கேட்டில் சிக்கியது என்று நானே நம்பிவிடுவேன்.

ஜரீனாக்காவுக்கு ஜாக்கெட் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். கரும்புக்கடை ஏரியாவில் அவருடைய கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி யூனிட். அங்கே மெஷினில் ஓடுகிற பூவும் மயிலும் இங்கே இந்த லேப்டாப்பில் நான் வரைந்து அனுப்புவது. வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து காபி கேட்டாராம். காதில் விழவில்லை. பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"கையை எடுத்துக்குங்க அம்மிணி" என்றார்.

மற்ற நேரம் "வா, போ"தான். கோபம் ஏற ஏறத்தான் அவருக்கு "ங்க" வரும். குரல் உயரவே உயராது. நான் எடுப்பதற்குள் மூடியை அழுத்தி, அதன் மேல் முழங்காலை ஊன்றினார். விரல் உள்ளே. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் எறிந்தார். உருண்டு கீழே போய் மோட்டார் ஸ்விட்ச் பக்கம் நின்றது. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு அது உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீழ் வீட்டம்மாவிடம்: கேட். எலும்பு டாக்டரிடம்: கேட். கொடுமுடி அண்ணனிடம் போனில்: கேட். போன வருடம் பீரோ கதவு. அதற்கு முன்னால் குளியலறை வழுக்கல்.

லேப்டாப் நிலவரம்:
- இடது பக்கக் கீல் பிய்ந்து தொங்குகிறது
- ஸ்கிரீன் இடது மூலை நொறுங்கல்
- கீபோர்டில் ஒரு வரிசையே பல் விழுந்த வாய்
- டச்பேட் ஏதோ புடைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது
- உயிர் உண்டா, தெரியாது

காந்திபுரத்தில் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது செத்த மாடலுங்க. பார்ட்ஸ் வராது. புதுசு பாருங்க." பக்கத்தில் நின்ற காலேஜ் பெண் அதன் கோலத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தது. தள்ளி நின்றுகொண்டது.

புதிது முடியாது. டிசைன் சாப்ட்வேர் இந்த லேப்டாப்பில் மட்டும் ஓடும்படி பூட்டுப் போட்டது. விற்ற கம்பெனியே இப்போது இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டிய மயில் பாதி உள்ளே கிடக்கிறது. ஜரீனாக்கா வேறு ஆளைத் தேடினால் என் பாடு முடிந்தது. எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது அது ஒன்று.

நானே பிரிக்கப்போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

சாம்பார் கருகிவிட்டது. அவர் போன பிறகு ஆரம்பம்.

வாங்கியவை: சின்ன ஸ்குரூ டிரைவர் செட், ட்வீசர். பழைய ஏடிஎம் கார்டைச் சீவிக் கூராக்கிக்கொண்டேன். போனில் வீடியோ. இந்திக்காரப் பையன், பாஷை பாதி புரிகிறது, கை புரிகிறது.

கழற்றுகிற ஸ்குரூவை எல்லாம் நாள் காட்டித் தாளின் பின்புறம் படம் போட்டு அந்தந்த இடத்தில் வைத்தேன். ரப்பர்க் காலுக்கு அடியில் ஒளித்து இரண்டு. அதைத் தெரியாமல் அடிமூடியை இழுத்து ஒரு மூலை விரிந்துவிட்டது. என் கைவேலையில் முதல் சேதம்.

கார்டை இடுக்கில் சொருகி நெம்பினால் உள்ளே கொக்கிகள் டக் டக்கென்று விடுகின்றன. சிலது உடைகிற சத்தம், எலும்பு முறிகிற மாதிரி. முதலில் உடம்பு கூசியது. அப்புறம் அந்தச் சத்தத்துக்காகவே நெம்ப ஆரம்பித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு. வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்று தெரியாது.

உள்ளே: ஃபேனில் பஞ்சு மாதிரி அழுக்கு, செத்த எறும்பு, என் தலைமுடி. கீல் உட்கார்கிற பிளாஸ்டிக் குமிழ் தூள். பேட்டரி வெண்பொங்கல் பார்சல் மாதிரி உப்பி இருக்கிறது. டச்பேட் எழும்பியதற்கு அதுதான் காரணம். உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, வளைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்று வீடியோப் பையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். வயரைப் பிடுங்கி, பேட்டரியைத் தனியே எடுத்து, ஜன்னலோரத் துளசித் தொட்டிப் பக்கம் மண் நிரப்பிய தட்டில் வைத்தேன்.

மற்றதெல்லாம் பழைய துணியில் சுற்றிப் பீரோவுக்குள். அவர் வரும் நேரம்.

இரவுச் சாப்பாட்டின் போது என் விரலைப் பிடித்துப் பார்த்தார். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். அதுதான் கொடுமை.

ஜூன் 13, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம். தலைக்குக் குளித்தேன், இடது கையாலேயே.

இன்று கீலைப் பார்க்க வேண்டும். பசை நிற்காது. துளை போட்டு போல்ட் போடலாமா?

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கிழவர் தன் மகனிடம், "ஆரஞ்சு வேண்டாஞ்சாமி, பல்லு கூசுது" என்கிறார். எல்லோரும் அவரவர் வேலையாக இருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பட்டறையில் கரண்ட் இல்லையாம். கூடத்தில் பேப்பர் விரித்து நான் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். மறைக்க நேரமில்லை.

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. லுங்கி மாற்றிக்கொண்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கீலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேத் ஓட்டுகிற கை, இரும்பைத் தொட்டாலே அவர் முகம் மாறும். "குமிழ் போயிருச்சு. மூடியோட சேத்து ஓட்டை போட்டுப் போல்ட்டுப் போட்டுக்கலாம். நானே போட்டுத் தாறேன்" என்றார். நான் மனத்துக்குள் உருகிவிட்டேன். உண்மை. தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்து வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ரிப்பேர் பார்க்கிற புருஷன் பெண்டாட்டி என்று கொஞ்ச நேரம் எனக்கு ஒரு கற்பனை.

அப்போது போன். ஜரீனாக்கா யூனிட்டில் மெஷின் பார்க்கிற ஆள், மயில் எப்போது வரும் என்று கேட்டு. ஸ்பீக்கரில் ஆண் குரல்.

வைத்ததும் கேட்டார், "யாருங்க அது?"

ங்க வந்துவிட்டது. சொன்னேன். "ஓஹோ. அவருக்காகத்தானுங்களா இத்தன பாடு?" என்றார். பெரிய ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நான் பிரித்து வைத்த லேப்டாப் போர்டின் மேல் குப்புற விழுந்தேன். முதுகில் ஒன்று வைத்தார், பிடியால். அப்புறம் தோளில். நான் எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்து ஜன்னலோரம் போய் மண் தட்டிலிருந்து பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இதுலதானுங்க இதுக்கு உசுரு?"

"அதைத் தொடாதீங்க. தீப்பிடிச்சுக்கும்" என்றேன். இதை நான் சொன்னேன். இங்கே எழுதி வைக்கிறேன், சொன்னேன்.

"அப்பிடீங்களா. பாக்கலாமுங்க."

இடது உள்ளங்கையால் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்தினார். குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். வெள்ளைப் புகை. அடுத்த நொடி புஸ்வாணம் வெடித்த மாதிரி பக்கவாட்டில் நெருப்பு. கையை உதறினார், வரவில்லை, பிளாஸ்டிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. லுங்கியில் பற்றியது. இனிப்பும் புளிப்புமாக ஒரு நாற்றம், கூடவே மயிர் கருகுகிற நாற்றம். அவர் கத்துவதை முதல் தடவையாகக் கேட்டேன்.

நான் எழுந்தேன். அதற்கு மேல் நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெருப்பு அவர் தொடையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

அப்புறம் குளியலறை வாளி. அப்புறம் ஈரப் போர்வை, அந்தக் கிழிந்த போர்வை. அவர் மேல் விழுந்து அமுக்கினேன். கீழ் வீட்டம்மாவின் கார். வழியெல்லாம் அந்த அம்மா போனில், "மேல் ஊட்டுல பொகை வந்துதுங்க, நாங்கூட கேஸுன்னு நெனச்சுப்போட்டேன்."

இடது கை முழுதும், முழங்கை வரை. தொடை ஒரு பக்கம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

டியூட்டி டாக்டர் என் வயதுப் பெண். எப்படி ஆச்சு என்று அவரைக் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "இவதாங்க தீ வெச்சுட்டா. தூங்கறப்ப."

பட்டப்பகல். தயிர் சாதத்தட்டு இன்னும் கழுவவில்லை. அவர் சொன்னது எவ்வளவு இயல்பாக வந்தது. எனக்கே ஒரு நிமிடம் நான்தான் வைத்தேனோ என்று இருந்தது.

டாக்டர் என்னை வெளியே கூட்டிவந்தது. என் கையை எடுத்துப் பார்த்தது. "இது என்ன?"

"கேட்டுல" என்று ஆரம்பித்தேன். வாய் தானாக ஆரம்பித்தது. அங்கேயே நிறுத்தினேன்.

"கேட்டுல இல்ல. அவர்தான். லேப்டாப்பை என் விரல் மேல மூடி முட்டிக்கால வெச்சார்."

டாக்டர் தலையாட்டியது. "முதுகைக் காட்டுங்க." காட்டினேன். எழுதிக்கொண்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போனார். இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் கொடுமுடியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 16, திங்கள்

சாரல். கரும்புக்கடை. ஜரீனாக்கா யூனிட்டின் பின் அறை. நூல் கோன் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாய்.

நேற்று அண்ணனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தரை கருகி ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு வட்டம். லேப்டாப் உடம்பு அப்படியே இருந்தது. ஒரு மூலையில் புகைக் கறை மட்டும். எல்லாவற்றையும் துணியில் கட்டினேன். ஸ்குரூக்களை ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். நான்கு புடவை, சர்டிபிகேட். அவருக்கு மாற்றுத் துணி எடுத்துக் கீழ் வீட்டம்மாவிடம் கொடுத்தேன், அண்ணன் வந்தால் கொடுக்கச் சொல்லி. பஸ் ஏறினேன்.

ஜரீனாக்கா கதை கேட்கவில்லை. மூட்டையைப் பார்த்தார். "டிசைன் உள்ள இருக்குதா, போயிருச்சா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல சாப்புடு. அப்புறம் அதப் பாக்கலாம்."

அண்ணன் போன். எடுத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கை பழையபடி மடங்குமோ என்னமோ, நீ இப்படி விட்டுப் போனால் நாளைக்கு ஊருக்குள் நான் எப்படித் தலை நிமிர்வது என்று கேட்டார். என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்டர் சொல்லியிருக்கும். சொல்லாமல் இருந்திருக்காது.

ஜூன் 17, செவ்வாய்

இங்கே ஓயாத சத்தம். மூன்று மெஷின், ஒவ்வொன்றிலும் வரிசையாக ஊசி, எல்லாம் ஒன்றாகக் குத்துகின்றன. முதல் நாள் ஒவ்வொரு குத்துக்கும் திடுக்கிட்டேன். இன்று பரவாயில்லை.

கீல். மூடியோடு சேர்த்துத் துளை. மெஷின் ரிப்பேருக்கு வைத்திருக்கும் டிரில்லை வாங்கினேன். முதல் துளை வழுக்கிக்கொண்டு போய் மூடியில் நீளமாக ஒரு கிழிசல். இரண்டாவது நேராக இறங்கியது. டிரில் இறங்கும்போது அவர் கை ஞாபகம் வந்தது. நெருப்பில் உதறின கை. இன்னும் அழுத்தினேன். அந்தப் பக்கம் வந்து பெஞ்சில் இறங்கிவிட்டது. ஜரீனாக்கா பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

நான்கு போல்ட். வெளியே தலை துருத்திக்கொண்டு நிற்கிறது. அழகாக இல்லை. ஆனால் மூடி நிற்கிறது.

ஜூன் 18, புதன்

சார்ஜரைச் சொருகி பட்டனை அழுத்தினேன். ஃபேன் ஊளையிட்டது. பீப், பீப். கறுப்பு.

மறுபடி பிரித்தேன். மெமரிச் சில்லை எடுத்து அதன் தங்கப் பல்லை ரப்பரால் அழித்துத் துடைத்துச் சொருகு என்று வீடியோவில். பென்சில் ரப்பர்! செய்தேன். மறுபடி பீப். இன்னொரு பக்கத் துளையில் மாற்றிச் சொருகினேன். பீப். தூக்கிச் சுவரில் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையைப் பார்த்தேன். அவர் ஓங்குவது மாதிரியே இருந்தது. கீழே வைத்தேன்.

டீ குடித்துவிட்டு வந்து, நன்றாக அழுத்திச் சொருகினேன். க்ளிக். முதலில் முழுதாக உட்காரவே இல்லை போலிருக்கிறது.

வந்தது! இடது பக்கம் கால்வாசி மை கொட்டின மாதிரி கறுப்பு. மீதியில் எல்லாம் தெரிகிறது. மயில் இருக்கிறது. வால் முடிந்தது, கழுத்து இல்லை.

உட்கார்ந்து அழுதேன். ஆபரேட்டர் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 19, வியாழன்

பேட்டரி இல்லை. சார்ஜர் வயர் அசைந்தால் செத்துவிடும். காலையில் போட்ட கழுத்து மத்தியானம் கரண்ட் போனதில் போனது. சேமிக்கவில்லை. கெட்ட வார்த்தை. மறுபடி முதலிலிருந்து.

தனிக் கீபோர்டு மாட்டியிருக்கிறேன். மூன்று விரலால் தட்டுகிறேன். நடுவிரல் நகம் இன்று கழன்று விழுந்தது. வலியே இல்லை.

சுண்டல், பன். குளிக்க வேண்டும்.

ஜூன் 21, சனி

நேற்று மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணனும் அவரும். என் இடது காதில் இன்னும் வண்டு ரீங்காரம். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவர் இடது கை வெள்ளைக் கட்டில், கழுத்திலிருந்து தொங்கவிட்டு. வேட்டி. இளைத்திருந்தார். அண்ணன் கையில் ஆப்பிள் பை, ஏதோ ஒறம்பரை வீட்டுக்கு, சொந்தம் பார்க்க வருகிற மாதிரி. ஜரீனாக்கா நாற்காலி போட்டார். டீ சொல்லி அனுப்பினார்.

அண்ணன் ஆரம்பித்தார். "கண்ணு, ஊட்டுக்குப் போலாம் வா. மாப்பிள்ளை புது லேப்டாப்பே வாங்கித் தாறேனுட்டாரு. ஆஸ்பத்திரியில சொன்னத மட்டும் மாத்திச் சொல்லிப்போடு."

"என்னன்னு மாத்திச் சொல்லோணும்ண்ணா?"

"வெரலு கேட்டுல மாட்டுச்சுன்னுதான எங்கிட்டச் சொன்னே. அதையே சொல்லு."

அண்ணனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கேட் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது. "ஓ, அப்பிடியா கண்ணு, பாத்து இரு" என்று போனை வைத்தது எல்லாம் தெரிந்துதான்.

முடியாது என்றேன்.

அவர் எழுந்து என் பெஞ்சுக்கு வந்தார். போல்ட்டை வலது கை விரலால் தடவிப் பார்த்தார். "நெம்ப நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கறீங்களே அம்மிணி. எங்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டதுங்களா?"

தூக்கப் பார்த்தார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன். இழுத்தோம். அப்புறம் அதை விட்டுவிட்டு என் வலது கையைப் பிடித்தார். கட்டுப் போட்ட விரலையும் நகம் போன விரலையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் வளைத்தார். மெதுவாக. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். கத்தினேனா, தெரியாது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார், "மாப்பிள்ளை, விடுங்க. நாலு பேரு பாக்கறாங்கல்ல."

அவ்வளவுதான் சொன்னார்.

விரல் உள்ளே எதுவோ விட்டது. இடது கையில் லேப்டாப் இருந்தது. மூடிய நிலையில். சுழற்றி அடித்தேன். போல்ட் இருக்கிற பக்கம் புருவத்தில் இறங்கியது. சார்ஜர் வயர் பிடுங்கிக்கொண்டு கூடவே பறந்தது. அவன் அப்படியே பின்னால் போய் நூல் பெட்டிகள் மேல் உட்கார்ந்தான். கண்ணை மறைத்து ரத்தம். என் கையை விட்டுவிட்டிருந்தான். எழுந்திருக்கவும் முயலவில்லை.

மறுபடி அடித்தேன். தலையில். அது தேவையில்லை. அடித்தேன்.

அப்போதுதான் அண்ணன் எழுந்தார். அவன் என் விரலை முறிக்கும்போது எழாத ஆள் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். காதோடு சேர்த்து. ஒரு பக்கம் உலகமே சத்தமில்லாமல் போயிற்று. "பொட்டச்சி புருசன் மேல கையை ஓங்குவியா" என்றார். இன்னொரு காதில் கேட்டது.

அப்பா போன பிறகு என்னைக் காலேஜில் சேர்த்தவர். சைக்கிளில் முன்னால் வைத்துக் கூட்டிப்போனவர். என் மேல் கை வைத்ததே இல்லை.

ஜரீனாக்கா மெஷினை எல்லாம் நிறுத்தினார். திடீரென்று அமைதி. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். அண்ணன், இது எங்கள் குடும்ப விஷயமுங்க என்று ஏதோ தொடங்கினார். "இது என் கடைங்க. போங்க." ஆபரேட்டர் பெண்கள் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. அண்ணன் அவனைத் தாங்கிக் கூட்டிப்போனார். வாசலில் துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

ஆப்பிள் பை இங்கேயே கிடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

யூனிட் லீவு. மெஷின் இல்லாத நிசப்தத்தில் காது இன்னும் மோசம்.

விரல் முறிவு. இந்த முறை மாவுக்கட்டு. டாக்டர் கேட்குமுன்பே நான் சொல்லிவிட்டேன். காதுக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். தானாக மூடிக்கொள்ளும், தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

லேப்டாப்: மூடி இரண்டாகப் பிளந்தது. ஸ்கிரீன் முழுதும் போச்சு. போல்ட் நான்கும் அப்படியே நிற்கின்றன. ஒரு தலையில் ரத்தம் காய்ந்திருந்தது. பல் தேய்க்கிற பிரஷ் கொண்டு கழுவினேன்.

மூடியைக் கழற்றிப் போட்டேன். அடி உடம்பை மட்டும் வைத்து, ஜரீனாக்கா பில் போடுகிற மானிட்டரில் வயர் மாட்டினேன். அழுத்தினேன். காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. வயரைக் கழற்றி மறுபடி மாட்டினேன். வந்தது.

இடது கையாலேயே மயிலுக்குக் கழுத்துப் போட்டு முடித்தேன். கொஞ்சம் கோணல். ஜரீனாக்கா தனியாக ஒரு மெஷினை ஓட்டித் துணியில் போட்டுப் பார்த்தார். எதிர் வெளிச்சத்தில் பிடித்தார். "கழுத்துத் திரும்பிப் பாக்கற மாரி இருக்குது. நல்லாத்தான் இருக்குது" என்றார்.

சாயங்காலம் அண்ணன் ஐந்தாறு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கடைசியில் மெசேஜ்: மாப்பிள்ளைக்குத் தையல் போட்டிருக்கிறது, அவர் தரப்பில் புகார் கொடுக்காமல் நான் பிடித்து வைத்திருக்கிறேன், நீயும் கொடுக்காதே. கீழே இன்னொரு வரி: சாப்பிட்டாயா கண்ணு.

அந்த இரண்டாவது வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். சேலை கட்ட ஆபரேட்டர் பெண் உதவினாள். ஜரீனாக்கா கூட வந்தார். மகளிர் ஸ்டேஷன். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

எஸ்.ஐ. அம்மா முழுதும் கேட்டார். கடைசியில் சொன்னார், "நீயும் அடிச்சிருக்கறேம்மா. அவுங்க குடுத்தா உம்மேலயும் கேஸு வரும். யோசிச்சுக்கோ."

"வரட்டுங்க. ரெண்டாவது அடி நான் வேணும்னேதான் அடிச்சேன். அதையும் எழுதிக்குங்க."

ஜரீனாக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார்.

யார் மேல் புகார் என்று கேட்டார். அவன் பெயரைச் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சிவக்குமார். சும்மா ஒரு பெயர்.

"அவ்வளவுதானே?" பேனாவை மூடப்போனார்.

"இல்லீங்க. இன்னொருத்தர்."

"யாரு?"

"மோகனசுந்தரம்."

"இனிஷியல்?"

"கே." கல்யாணத்துக்கு முன்னால் எனக்கும் அதுதான்.

"அவரு உனக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்த அண்ணனுங்க."

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். நல்லா யோசிச்சுத்தான் சொல்கிறாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கேட்கிற காதுப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லு, எழுதணும் என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.